ஏழு மணிக்காரி

சோப்பு வாங்கத்தான் அவள் கடைக்குள் போனாள். அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு கட்டியாக எடுத்து முகர்ந்து, வீட்டில் வழக்கமாகப் போடுவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு அம்மாள் அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். பவுடர் அப்பிய கன்னம். வேர்வையில் நசநசவென்று இருந்தது.

"தடவிப் பாரும்மா, கூச்சப்படாத" என்றாள் அந்த அம்மாள், குரல் தழுதழுக்க.

முன்பின் அறியாத ஒருத்தியின் கன்னத்தைத் தடவி இவள் எதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்? கண்டுபிடித்துத்தான் என்ன ஆகப்போகிறது? சோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அந்தக் கன்னத்திலா எழுதியிருக்கிறது? கையை உருவிக்கொண்டு, தனக்கு சோப்பு மட்டும் போதும் என்றாள். அந்த அம்மாளுக்கு முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும். நகர்ந்துவிட்டாள். பவுடர் ஒட்டிய கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் இவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

இது முதல் கன்னமும் அல்ல. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர், தாடியோடு. லிஃப்டில் ஒரு கல்லூரிப் பெண். வேலை பார்க்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கணக்குப் பிரிவுக்காரர்கூட ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார், என் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாமா என்று. ஊரில் இருக்கிற கன்னமெல்லாம் அவள் கைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் அந்த ஏழு மணி சீரியல் செய்த வேலை. அதற்கு ஏதோ நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை, ஏழு மணி என்றால் போதும். கதாநாயகி கண் தெரியாதவள். அவளுக்கும் கதையில் பெயர் இருக்கிறது, ஆனால் இவள் வைத்த பெயர் ஏழு மணிக்காரி. அந்த ஏழு மணிக்காரி வேலைக்குப் போக மாட்டாள், தடி பிடிக்க மாட்டாள், காசு எண்ண மாட்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் உலாத்துவாள். யாரைப் பார்த்தாலும் முகத்தைத் தடவுவாள். தடவியதும் அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று அவளுக்குத் தெரிந்துவிடும், ஆனால் எதிரில் கிடக்கிற நாற்காலி மட்டும் தெரியாது. தினமும் ஒரு தட்டாவது கீழே போட்டு உடைப்பாள். அந்த வீட்டில் தட்டு வாங்கியே சொத்து அழிந்திருக்கும்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய மகள் சொல்லித்தான். வாண்டு என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண் பாலர் பள்ளியில் படிக்கிறது. ஏழு மணிக்கு மாமியார் மடியில் ஏறி உட்கார்ந்து, சமையலறையில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்கும்படி நேர்முக வர்ணனை செய்யும். அம்மா, கையை நீட்டிக்கிட்டு வர்றாங்க. அம்மா, விழுந்துட்டாங்க. அம்மா, அழுவறாங்க. இவள் பாத்திரம் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். விழுகிற சத்தமும் வயலின் சத்தமும் அவளுக்கே கேட்கும். மற்றதெல்லாம் வாண்டுவின் தயவு.

பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள் இவள். வேலை ஒரு பெரிய மருத்துவமனையில். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்துவைப்பதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்வது. காலை ஷிஃப்ட்டுக்குப் போட்டி அதிகம். சண்டை போட்டு அதை வாங்கியிருந்தாள். மதியம் அது முடிந்ததும் தடியைத் தட்டிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போவாள். கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் நிற்பாள். பள்ளி விட்டதும் வாண்டு வந்து மேலே விழும். இருவரும் வீட்டுக்கு நடந்து வருவார்கள். வீட்டுக்குப் போனால் பாட்டி, டிவி, அத்தை, அப்பா என்று குழந்தைக்கு ஆயிரம் பேர். அந்த நடைதான் அவளுக்கும் மகளுக்கும் மட்டுமே சொந்தமான நேரம். டீச்சர் யாரைத் திட்டினார், யார் பென்சில் யாரிடம் போனது என்று வாண்டு சொல்லிக்கொண்டே வரும். அந்த நேரத்துக்காகத்தான் அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடினாள்.

முதலில் மாறியது மாமியார்தான்.

மாமியாருக்கு வாய் நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் உறவுக்காரர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டியபோது அவர் ஒருவர்தான் மருமகளைத் திட்டினார். "பாத்திரம் தேய்ச்சா அடியில கை போட்டுத் தேய்க்கணும். மேலாக நீவிட்டு வெச்சா அதுக்குப் பேரு தேய்க்கிறதா?" என்று கேட்டார். துணியைப் பிழியாமல் உலர்த்தினால் திட்டு, பால் பொங்கினால் திட்டு. மற்ற மருமகள்கள் போல இவளும் புருஷனிடம் போய் மூக்கால் அழுதாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. திட்டு வாங்குகிற உரிமை எல்லாருக்கும் கிடைத்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். பிறந்த வீட்டில்கூட அவளை யாரும் திட்டியதில்லை.

இப்போது ஒரு நாள் அடுப்பில் வைத்த காய் அடிப்பிடித்துக் கருகி வீடே நாறியது. போனில் பேசிக்கொண்டிருந்து கோட்டை விட்டது இவள் தப்புதான். மாமியார் என்ன சொல்லப்போகிறாரோ என்று தயாராக நின்றாள். மாமியார் வந்தார், தலையைத் தடவினார், "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, சத்தமாக, காது கேட்காதவரிடம் சொல்வது போலச் சொன்னார். அந்த வாரம்தான் ஏழு மணிக்காரியின் சேலையில் தீப்பிடித்திருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்து, பிரசவத்தின்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார், மூன்று மாதமாக டிவியில் வருகிற ஒருத்தியை வைத்து மருமகளை அளக்கிறார். தாழ்வாரத்தில் ஒரு நாள் நேரடியாகவே கேட்டாள். "அத்தை, நான் என்னிக்காவது தட்டு உடைச்சிருக்கேனா?" மாமியார் பெருமூச்சு விட்டார். இல்லம்மா, ஆனா இனிமே உடைஞ்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றார்.

அடுத்தது கூடம். ஏழு மணிக்காரி கைக்குழந்தையோடு முக்காலியில் இடறி விழுந்தாள். அது முடிந்ததும் இரண்டு தெரு தள்ளி இருக்கிற நாத்தனாருக்கு மாமியார் போன் போட்டார். மறுநாள் இவள் வேலைக்குப் போயிருந்தபோது தாயும் மகளுமாகச் சேர்ந்து கூடத்தைக் காலி செய்துவிட்டார்கள். செருப்பு அடுக்கு வெளியே போயிற்று. முக்காலி மாடிக்குப் போயிற்று. சாப்பாட்டு மேஜை சுவரோடு ஒட்டியது. தையல் இயந்திரம் படுக்கையறைக்குள் ஒளிந்தது. தடுக்கி விழ ஒன்றும் இருக்கக் கூடாதாம்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். அவள் அந்தக் கூடத்தில் நடப்பதே அந்தச் சாமான்களை வைத்துத்தான். செருப்பு அடுக்கில் இடது கை பட்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முக்காலி முழங்காலில் உரசினால் சமையலறை நேர் எதிரே. இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவள் ஒரு சுவரில் மோதியதில்லை. அன்றைக்கு உள்ளே வந்து கையை வைத்தால் அடுக்கு இல்லை. சரி, கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று நடந்தால் முக்காலியும் இல்லை. திறந்திருந்த ஜன்னல் கதவின் முனையில் நெற்றி மோதி ரத்தம் வந்துவிட்டது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் நாத்தனார், தன் அம்மாவிடம். அவள் குரலில் இருந்த வெற்றியைக் கேட்டு இவளுக்கு நெற்றி வலி மறந்துபோயிற்று. எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வையுங்கள் என்று கத்தினாள். அடிபட்ட படபடப்பில் கத்துகிறாள் என்று நினைத்து இருவரும் அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சாயந்திரம் கணவர் வந்து முக்காலியை மாடியிலிருந்து இறக்கினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திச் சமாதானப்படுத்தியே, யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவராக ஆகிவிட்டார். அம்மா பயந்துபோய்ச் செய்துவிட்டார், பெரிதுபடுத்தாதே என்றார். நாத்தனார் மறுபடி வந்து முக்காலியை மாடிக்கே கொண்டுபோனாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவள் டிவிக்காரர்களுக்கே போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். இவள் சொன்னதையெல்லாம் மிகவும் பொறுமையாகக் கேட்டாள். கண் தெரியாதவர்கள் யாரும் முகத்தைத் தடவ மாட்டார்கள், கையை நீட்டிக்கொண்டு நடக்க மாட்டார்கள், எங்களுக்கும் வேலை வெட்டி உண்டு என்று இவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் உருகிப்போய், நீங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்கள் என்றாள். அடுத்த மாதம் ரசிகர்களை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி இருக்கிறது, கட்டாயம் வர வேண்டும் என்றாள். "கதாநாயகி நேர்ல வராங்க மேடம். நீங்க அவங்க முகத்தத் தொட்டுப் பாக்கலாம்." இவள் போனை வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. சுவர் எங்கே என்றுகூட இப்போது தெரியாது.

இதெல்லாம் எரிச்சல். இதற்கப்புறம் வந்தது வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்காரி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வில்லி, குழந்தைகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். ஏழு மணிக்காரி யார் வீட்டுப் பிள்ளையையோ தன் பிள்ளை என்று அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போலீஸ் வந்தது, ஊரே கூடியது, அதோடு நிறுத்தினார்கள். சனி ஞாயிறு முழுக்க ஊருக்கு வேறு பேச்சு இல்லை. திங்கட்கிழமை இவள் குழாயடியில் நின்றபோது தலைமை டீச்சர் அவரே வந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு பேசினார். மற்ற பெற்றோர் கவலைப்படுகிறார்களாம். இனிமேல் கண் தெரிந்த பெரியவர் யாராவது வந்தால்தான் குழந்தையை அனுப்ப முடியுமாம்.

"டீச்சர், ஒரு வருஷமா நான்தானே வரேன்?"

"அதான்மா. இவ்வளவு நாள் எப்படி விட்டோம்னு நினைச்சா எனக்கே பதறுது."

அது கதை என்று இவள் சொன்னாள். கதைதான், ஆனால் நடக்காது என்று சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். என் பிள்ளை வாய் மூடுகிற பிள்ளையா, நீங்களே சொல்லுங்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டார், ஆனால் பிடி விடவில்லை. நான் போய்க் குழந்தையைத் தேடுவதில்லை, குழந்தைதான் என்னைத் தேடி வருகிறது, எல்லா அம்மாவுக்கும் அப்படித்தானே என்றாள். அதற்கு அவர் சொன்ன பதில், "எல்லா அம்மாவும் நீங்களும் ஒண்ணாம்மா?" கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாசத்தோடு சொன்னார். அதனால்தான் திருப்பித் திட்டவும் முடியவில்லை.

நாத்தனார் உடனே முன்வந்தாள். தினமும் தானே போய் அழைத்து வருவதாகவும், சாயந்திரம் வரை குழந்தை தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும், பாவம் உனக்கும் ஓய்வு கிடைக்கும் என்றும் சொன்னாள். இன்றைக்குச் சாயந்திரம் வரை, நாளைக்கு ராத்திரிச் சாப்பாடு வரை, அப்புறம் பரீட்சை நேரம் இங்கேயே இருக்கட்டும் என்பார்கள். அடுத்த வருஷம் வாண்டு அம்மாவைப் பார்க்க விருந்துக்கு வருவது போல வரும். குழந்தை தன்னைவிட்டுப் போகப்போகிறது என்று அவள் உண்மையாகவே பயந்தாள். விட மாட்டேன் என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்குப் போய் நின்றாள். வாட்ச்மேன் சங்கடப்பட்டு நெளிந்தாரே தவிர கேட்டைத் திறக்கவில்லை. நாத்தனார் உள்ளே போய் வாண்டுவை அழைத்து வந்தாள். மூவரும் வீட்டுக்கு நடந்தபோது நாத்தனாரே பேசிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் தலைமை டீச்சர் அவள் கணவரைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். பெற்றோர் முன்னிலையில் ஒரு சின்னச் சோதனை. குழந்தைகளை வரிசையாக நிறுத்துவோம், யாரும் பேச மாட்டார்கள், உங்கள் மனைவி தன் குழந்தையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பழையபடி அழைத்துப் போகட்டும். கணவர் இதை ஏதோ நல்ல செய்தி போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எந்த அம்மாவுக்காவது இப்படிப் பரீட்சை வெச்சிருக்காங்களாங்க?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவதானே. பண்ணிக் காட்டிட்டா அப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். நானும் கூட வருகிறேன், பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்து போயிருக்கும்? அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லாமல், போவது என்று முடிவு செய்தாள்.

பள்ளி முற்றத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். செருப்புச் சத்தமும் கிசுகிசுப்புமாக இருந்தது. கணவரோடு மாமியாரும் நாத்தனாரும் வந்திருந்தார்கள். மாமியார் இப்போதாவது வாயைத் திறப்பார் என்று அவளுக்குக் கடைசி வரை ஒரு நம்பிக்கை இருந்தது. என் மருமகளுக்காடி பரீட்சை வைக்கிறீர்கள் என்று அவர் ஒரு சத்தம் போட்டால் அந்த முற்றமே காலியாகிவிடும். அந்த வாய்க்கு அந்தத் தெம்பு உண்டு. ஆனால் பக்கத்திலிருந்து முந்தானையில் மூக்குச் சிந்துகிற சத்தம்தான் வந்தது. ஏழு மணிக்கு வருவது போன்ற அதே அழுகை.

குழந்தைகளிடம், இது ஒரு விளையாட்டு, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, நகரக் கூடாது என்று தலைமை டீச்சர் சொன்னார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் முன்னால் வந்து நின்று, எப்போதும் போல, "வாண்டு, வா போலாம்" என்றாள். யாரும் வரவில்லை. டீச்சர் சொன்னால் வாண்டு கேட்கும், அம்மா சொன்னால்தான் கேட்காது.

ஆனால் வாண்டுவுக்கு இரண்டு நாளாகச் சளி. வரிசையின் வலது கோடியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்ட அதே உறிஞ்சல். அவள் தடியைத் தட்டிக்கொண்டு நேரே அங்கே போனாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்து, "சிந்து" என்றாள். வாண்டு சிந்தியது. அவ்வளவுதான் சோதனை. அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

ஒரு கைதட்டல் இல்லை. பிறகு ஒரு ஆண் குரல், "இவங்களுக்குக் கொஞ்சம் பார்வை இருக்கும்போல" என்றது. இன்னொரு அம்மாள், யாரோ சைகை காட்டியிருப்பார்கள் என்றாள். கண் தெரியாதவளுக்கு எந்த மகராசன் சைகை காட்டுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆண் குரல் விடவில்லை. டிவியில் அந்தப் பெண் எப்படித் தேடுவாள், தடுமாறுவாள், பார்க்கவே நெஞ்சு அடைக்கும், இவர் என்னவோ பால் பாக்கெட் எடுக்கப் போகிறவர் மாதிரி நேரே போகிறாரே என்றது.

சளிச் சத்தம் கேட்டது என்று இவள் சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லையே என்றார்கள். தலைமை டீச்சர் அருகில் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னொரு தடவ பண்ணிடலாம். இந்தத் தடவ கொஞ்சம், எல்லாருக்கும் நம்பிக்கை வர்ற மாதிரி."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போங்கடா நீங்களும் உங்கள் பள்ளிக்கூடமும் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வாய் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து வாண்டு அவள் சேலையை இழுத்தது.

"அம்மா, நீ தப்பாப் பண்ற. முகத்தத் தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இறுக்கம் தளர்ந்தது. குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். வாண்டு கையை விடுவித்துக்கொண்டு உற்சாகமாக ஓடிப்போய் வரிசையில் வேறு இடத்தில் நின்றுகொண்டது. இப்போது கிளம்பிப் போனால் நாளை முதல் நாத்தனார். நின்றால் இன்னொரு தடவை.

அவள் தடியை மடக்கிக் கணவரிடம் கொடுத்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். வாழ்க்கையில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை என்பதால் உண்மையாகவே கால் தடுமாறியது. கூட்டத்தில் ஐயோ என்று ஒரு சத்தம் எழுந்தது. வரிசையில் முதல் குழந்தையின் முகத்தைத் தடவினாள். கன்னமெல்லாம் மிட்டாய்ப் பிசுக்கு. அடுத்த குழந்தை கூச்சத்தில் நெளிந்தது. அதற்கடுத்தது பயந்து கண்ணை இறுக்கி மூடியது, இமை துடிப்பது விரலில் தெரிந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகளை இப்படித் தொட்டுக்கொண்டே போக அவளுக்கு வெட்கமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. வாண்டு எங்கே நிற்கிறது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். மூக்கு உறிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. இருந்தாலும் நேரே போகாமல் ஒவ்வொரு முகமாகத் தடவி, தலையை ஆட்டி, பெருமூச்சு விட்டு, ஏழு மணிக்காரி எடுத்துக்கொள்கிற நேரத்தை எடுத்துக்கொண்டு போனாள். தன் மகளின் முகம் கைக்கு வந்ததும் நெற்றியைத் தடவி, மூக்கைத் தடவி, "என் தங்கமே" என்று கட்டிக்கொண்டாள். வீட்டில் ஒரு நாளும் தங்கம் என்றதில்லை, சனியனே என்றுதான் கொஞ்சுவாள்.

முற்றம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல். தலைமை டீச்சர் விம்மி அழுதார். மாமியார் ஓடிவந்து நெட்டி முறித்தார். அந்த ஆண் குரல், "இதான். இப்பதான் நம்பிக்கையா இருக்கு" என்றது. நாளை முதல் நீங்களே வரலாம் என்று டீச்சர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கணவர் தடியை அவள் கையில் திரும்ப வைத்து, நான்தான் சொன்னேனே என்றார்.

மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவள் வாண்டுவோடு தனியாக நடந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாண்டு குதித்துக்கொண்டே வந்தது. வழக்கமான பென்சில் கதை இல்லை. பாட்டி அழுதது, டீச்சர் அழுதது, எல்லாரும் கை தட்டியது என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது.

"அம்மா, இன்னிக்குதான் நீ சரியான குருடா இருந்த."

அவள் நின்றாள். குனிந்து குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்குப் பண்ணினது நடிப்புடி. நேத்து வரைக்கும் எப்படி இருந்தேன், தடி தட்டிக்கிட்டு, உன்கூட நடந்துக்கிட்டு, அதுதான் நிஜமா கண்ணு தெரியாதவங்க இருக்கறது. புரியுதா?"

வாண்டு யோசித்தது. மூக்கை ஒரு தடவை உறிஞ்சியது.

"நேத்து வரைக்கும் நீ சும்மா அம்மாதானே" என்றது.

பெரியவர்கள் அத்தனை பேர் கைதட்டியபோது வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது, பட்டப்பகலில், நடுத்தெருவில். வாண்டு எட்டி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, தன் முகத்தில் வைத்துக்கொண்டது.